அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாத நாட்கள்

எனக்கு மூளையில் புற்றுநோய் என்று எங்கள் கோயில் பங்கில் ஒரு கதை உலாவியது. பாரிசவாதம் என்று இன்னொரு கதை. இருந்தது புழு. மூளைக்குள் புழு என்று நேரே சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் விலகி உட்காருகிறார்கள். வாயால் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நீளமான கதை சொல்ல என் வாய் இன்னும் முழுதாகத் தயாராகவும் இல்லை.

நான் ஒரு கன்னியாஸ்திரி. வீட்டில் மலர். மன்னாரில் பிறந்து, பால்பல் விழுகிற வயதில் பெற்றோரோடு மொன்றியலுக்கு வந்தவள். அப்பா காலமான பிறகு அம்மா நகரின் கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியே இருக்கிறார். தம்பி யூட் மனைவி பிள்ளைகளோடு நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவில். நான் மடத்தில் சேர்ந்ததை அம்மா ஒருவாறு பொறுத்துக்கொண்டார். எப்படியும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில்தானே இருப்பேன் என்ற நினைப்பு. சண்டை நடக்கிற மொசாம்பிக்கின் வடக்கில் எங்கள் சபைக்கு ஒரு மிஷன் இருக்கிறது, என்னை அங்கே அனுப்புகிறார்கள் என்று சொன்ன அன்று, அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சண்டைக்குள்ளாலை உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது, இன்னொரு சண்டைக்குள்ளை கொண்டுபோய் விடுறதுக்கோ?" என்று கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

நான் போனேன்.

மிஷன் என்றால் ஒரு கோயில், ஒரு மருந்தகம், தூரத்துக் கிராமங்களிலிருந்து படிக்க வரும் பெண்பிள்ளைகளுக்கான விடுதி. விடுதிதான் என் பொறுப்பு. ஆனால் முதல் வேலை போர்த்துக்கேய மொழி படிப்பது. சிஸ்டர் செலெஸ்தே என்ற உள்ளூர்ச் சகோதரி காலையில் எனக்குப் பாடம் சொல்லுவார். மாலையில் விடுதிப் பிள்ளைகள் அதைத் திருத்துவார்கள். களைத்துப் போனேன் என்பதற்கு "கன்சாடா" என்று சொல்ல வேண்டும். நான் ஒருநாள் "கசாடா" என்று சொல்லிவிட்டேன். அதற்குக் கலியாணம் முடித்தவள் என்று அர்த்தம். சிஸ்டர் இன்றைக்கு மிகவும் கலியாணம் முடித்திருக்கிறார் என்று பிள்ளைகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிற ஒருத்தி அங்கே தண்ணீர் கேட்கவும் சொல் தேடினாள். செபத்தைக்கூட வாசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்லப் போன வீட்டில் வாய் பேசாமல் இருந்துவிட்டு வருவேன். ஒருவருடைய மொழி வராதபோது அவர் முன்னால் நாம் எவ்வளவு சிறியவர்கள் என்பதை அந்த முதல் மாதங்கள் எனக்குப் படிப்பித்தன.

மொழி ஓரளவு பிடிபட்ட பிறகு வேறொன்று தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் உறைந்து நிற்கும். வலது கை விரல்கள் மரத்துப் போகும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இத்தனை மொழிகளைத் தலைக்குள் திணித்தால் இப்படித்தான் வரும் என்று நான் நினைத்தேன். சிஸ்டர் செலெஸ்தேயும் அப்படியே நினைத்தார். "மாலையில் பாடம் வேண்டாம், படுத்துத் தூங்கு" என்றார்.

யூட்டின் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற விழாவுக்காக விடுமுறையில் மொன்றியல் வந்தேன். அம்மா வீட்டுக்குக் கீழே இருக்கிற தெப்பனர் என்ற மூலைக்கடையில் பால் வாங்கப் போனபோது கடைக்காரர் "போன்ஜூர்" என்றார். நான் திருப்பிச் சொல்ல வாய் திறந்தேன். வலது கை தானாக உதறத் தொடங்கியது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது அம்புலன்ஸின் கூரை.

அவசரப் பிரிவில் வெகுநேரம் காத்திருந்தோம். தள்ளுகட்டில்கள் நடைபாதையின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கிடந்தன. யூட் வேலைத்தலத்துச் சப்பாத்தோடு ஓடி வந்திருந்தான். அம்மா கைப்பையிலிருந்து செபமாலையை எடுப்பதும், என்னைப் பார்ப்பதும், உள்ளே வைப்பதுமாக இருந்தார். முதலில் சி.டி. படம், பிறகு எம்.ஆர்.ஐ. ஒடுங்கிய குழாய்க்குள் படுத்துக் கிடக்க வேண்டும், காதுக்குள் யாரோ தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் இருக்கும், இருமவும் கூடாது. தலை முழுக்க வயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். முதுகெலும்பில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள்.

நரம்பியல் டாக்டர் நரைத்த குட்டை முடியுள்ள கியூபெக் பெண்மணி. படத்தைத் திரையில் காட்டினார். மூளையின் இடது பக்கத்தில் சிறிய கறுப்பு வட்டம், அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. கறுத்த சட்டிக்குள் ஒரு குறுணி அரிசி மாதிரி.

நோயின் பெயர் நியூரோ-சிஸ்டிசெர்க்கோசிஸ். பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதிலிருந்து வரும் குஞ்சு இரத்தத்தோடு ஓடி மூளையில் தங்கி, தன்னைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொள்கிறது. பன்றி இறைச்சி தின்றுதான் இது வரவேண்டும் என்றில்லை. சுத்தமில்லாத தண்ணீரிலோ சரியாகக் கழுவாத கீரையிலோ முட்டை ஒட்டியிருந்தால் போதும். உலகத்தில் எத்தனையோ பேருக்கு வலிப்பு வருவது இதனால்தான். பை உயிரோடு இருக்கும்வரை மூளை அதைக் கண்டுகொள்ளாது. அது சாகத் தொடங்கும்போதுதான் சுற்றிவர வீங்கும். என்னுடைய பை பேச்சுக்கான பகுதிக்குப் பக்கத்தில் இருந்தது.

"மருந்து கொடுத்தால் புழு சாகும்," என்றார் டாக்டர். "சாகும்போது வீக்கம் கூடலாம். அதற்காக ஸ்டீரொய்டும் சேர்த்துத் தருகிறோம். கொஞ்ச நாள் மோசமாகி, பிறகு நல்லாகும். அப்படித்தான் எதிர்பார்க்கிறோம்."

யூட் அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பூச்சிக் குளிசையோ?"

"ஓம் அம்மா. பூச்சிக் குளிசைதான். கொஞ்சம் பெரிசு," என்றான் யூட்.

கண்ணுக்குள் புழு இல்லை என்று பார்த்து உறுதி செய்த பிறகு மருந்தைத் தொடங்கினார்கள். டாக்டர் சொன்னபடியே நடந்தது. ஆனால் அவர் பயந்ததைவிட அதிகமாக நடந்தது. ஒரு காலை மண்டை வெடிக்கிற வலியோடு கண்விழித்தேன். தாதி ஏதோ கேட்டார். பதில் மனதுக்குள் முழுசாக இருந்தது. வாயில் ஒரு சத்தம்கூட வரவில்லை. கையும் பாரமாகக் கிடந்தது. மறுபடி படம் எடுத்தார்கள், ஸ்டீரொய்டைக் கூட்டினார்கள். ஓடி வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து "அம்மா" என்று சொல்ல முயன்றேன். அந்தச் சொல்லும் வரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் வருகிற சொல் அது. உண்மையில் நான் பயந்தது அப்போதுதான்.

சில நாட்கள் கழிந்து வீக்கம் இறங்கத் தொடங்கியதும் சத்தம் வந்தது. தனித்தனிச் சொற்களாக, குழறலாக. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இளம்பெண் ஒருத்தி வந்தாள். பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் சொல்லலாம் என்றாள். அம்மாவும் யூட்டும் பக்கத்தில் இருந்தார்கள்.

மேசையின் படம். நான் "மேசா" என்றேன்.

சப்பாத்தின் படம். "சப்பாத்து" என்றேன்.

யன்னல். "ஜனெலா."

"சரியாச் சொல்லுறாள்!" அம்மா எழும்பியே விட்டார். "தமிழ் வந்திட்டுது, யூட்! மேசை, சப்பாத்து, யன்னல். கொஞ்சம் கொன்னையாக் கிடக்கு. அது சரி வரும்."

ரொட்டிப் பாண் படத்துக்கு நான் சொன்னதும் அவருக்குப் பாண் என்றே கேட்டது. பயிற்சிப் பெண்ணும் சிரித்துக்கொண்டு குறித்தாள். அடுத்த அட்டையில் நாய். நான் சொன்ன சொல்லை அம்மாவால் எதோடும் பொருத்த முடியவில்லை. பிறகு மழை, பிறகு குழந்தை. அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது.

அப்போது திரைக்கு மறுபக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒடெத் என்ற வயதான பெண்மணி. போர்த்துக்கேயம் பேசுகிற அசோர்ஸ் தீவுகளிலிருந்து இளவயதில் மொன்றியலுக்கு வந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார்.

"அவள் போர்த்துக்கேயம் பேசுகிறாள்," என்று பிரெஞ்சில் சொன்னார். "கொஞ்சம் விசித்திரமான உச்சரிப்பு. ஆனால் எல்லாச் சொல்லும் சரி." பிறகு திரையை விலக்கச் சொல்லி, என்னைப் பார்த்துப் போர்த்துக்கேயத்தில் கேட்டார். "எங்கே நோகிறது, மகளே?"

தலை, என்றேன் அதே மொழியில். களைப்பாக இருக்கிறது, என்றேன். அந்தச் சொல் இந்தத் தடவை சரியாக வந்தது. வாய் அடைத்துப்போன பிறகு ஒரு மனிதர் கேட்டதற்கு நான் சொன்ன முதல் பதில் அது. கண்ணீர் ஓடியது. துடைக்கக் கை எழவில்லை.

யூட் விளங்கப்படுத்தினான். நம் வாயில் புழங்குகிற மேசை, சப்பாத்து, யன்னல், பாண் எல்லாம் ஒரு காலத்தில் போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டுப்போன சொற்கள். அக்கா பேசியது தமிழ் இல்லை, அவர்களுடைய மொழி.

"அப்ப பாண் தமிழில்லையோ?" என்றார் அம்மா. பிறகு கதிரையில் இருந்துவிட்டார். "என்னோடை கதைக்கிற பாசை போயிட்டுது. அங்கத்தையான் பாசைதான் மிஞ்சிக் கிடக்கு."

பல மொழி பேசுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம், ஆனால் தெரிந்த விஷயம்தான் என்றார் டாக்டர். மொழிகள் ஒரே வரிசையில் திரும்பி வருவதில்லையாம். சிலருக்குக் கடைசியாகப் படித்தது முதலில் வரும். ஏன் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. போர்த்துக்கேயத்தை நான் எவ்வளவு பிரியப்பட்டுப் படித்தேன் என்று அவர் கேட்டார். யூட்டுக்குப் பதில் தெரியவில்லை. அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தமிழ் விளங்கியது. அம்மா சொன்னது, யூட் சொன்னது, நன்மைக்குப் போட்ட வெள்ளை உடுப்போடு வந்த யூட்டின் மகள் பிரெஞ்சில் சொன்னது, எல்லாம் விளங்கியது. சொல்லத்தான் முடியவில்லை. அதை யூட் அம்மாவிடம் எத்தனையோ தடவை சொன்னான். அம்மா தலையாட்டுவார். ஆனால் அவர் நம்பவில்லை. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லாத பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அவ்வளவுதான் கணக்கு.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாள் ஒடெத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒடிந்த பிரெஞ்சு. தண்ணீருக்கு என்ன சொல்ல வேண்டும், நோகுதா என்று எப்படிக் கேட்பது, சாப்பிடு என்பதற்கு என்ன சொல். ஒடெத் சொல்ல அம்மா திருப்பிச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, சோப்பு மணக்கிற கையை என் நெற்றியில் வைத்து, "தோய்?" என்று கேட்டார். நோகுதா என்று அர்த்தம். எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா, நான் மிஷனில் முதல் மாதங்களில் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஒவ்வொரு சொல்லும் பிழையாக இருந்தது. எனக்கு ஒன்றுகூட விளங்காமல் போகவில்லை.

யூட்டின் மனைவி வீட்டில் கஞ்சி காய்ச்சிச் சுடுதண்ணீர்ப் போத்தலில் அனுப்புவாள். எங்கள் சபைச் சகோதரிகள் முறைவைத்து வந்து காலை வேளையில் அம்மாவை வீட்டுக்கு அனுப்புவார்கள். கட்டிலின் பக்கச் சட்டத்தில் தலை இடிபடாமல் ஒரு துவாயை மடித்துச் சுற்றிக் கட்டியது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஒரு பின்னேரம் ஒடெத்தை எக்ஸ்-ரே எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். அறையில் அம்மாவும் நானும் மட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"உனக்கு நான் சொல்லுறது இப்ப விளங்காது," என்றார். "விளங்காட்டியும் பரவாயில்லை. ஆருக்கும் சொல்லேல்லை இதை. பாவசங்கீர்த்தனத்திலையும் சொல்லேல்லை."

செபமாலை மணிகள் உரசுகிற சத்தம் கேட்டது.

"நீ அங்கை போனாப்பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டனான். பெரிசா ஒண்டும் வேண்டாம், ஆண்டவரே, சின்ன வருத்தம் ஒண்டைக் குடுத்து என்ரை பிள்ளையைத் திருப்பி அனுப்பு எண்டு. சின்ன வருத்தம் எண்டுதான் கேட்டனான், பிள்ளை. சத்தியமா சின்னது எண்டுதான் கேட்டனான்."

கண்ணைத் திறந்தேன். அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு விஷயம். இது உங்களால் வந்ததில்லை. தமிழில் அந்த வசனம் மனதுக்குள் தெளிவாக இருந்தது. வாயைத் திறந்தேன், "நௌங், மாயின், நௌங்" என்றுதான் வந்தது. இல்லை அம்மா, இல்லை. போர்த்துக்கேயத்தில்.

அம்மா திடுக்கிட்டு எழும்பினார். "தண்ணியோ? அக்வா?" என்று கேட்டு, கோப்பையை எடுத்து உறிஞ்சுகுழாயை என் வாயில் வைத்தார். நான் தலையை அசைத்தேன். அவர் தலையணையைச் சரிசெய்தார். மறுபடி சொன்னேன். அவர் மறுபடி தண்ணீர் தந்தார். கடைசியில் குடித்தேன்.

ஆறுதல் சொல்லவும் மறைக்கல்வி படிப்பிக்கவும் பயிற்சி பெற்ற ஒருத்தி, ஒருவருக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு வசனத்தைச் சொல்ல முடியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தாள். அந்த நோயில் எனக்கு மிகவும் வலித்த இடம் அதுதான்.

தமிழ் திரும்பியது ஒரு கோப்பியால். யூட் கோப்பிக் கோப்பையை என் கட்டிலோரத்தில் வைக்கப் போய், அது சரிந்தது. "ஐயோ, கவனம்!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். யூட் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கோப்பி கம்பளியில் ஊறிக்கொண்டிருந்தது.

"அக்கா, திருப்பிச் சொல்லுங்கோ," என்றான். முடியவில்லை. யோசித்துச் சொன்னால் வராது, யோசிக்காமல் இருந்தால் வரும் என்று பயிற்சிப் பெண் சொன்னாள். அவள் சொன்னபடி எண்களைச் சொன்னேன், கிழமைகளைச் சொன்னேன், அருள்நிறை மரியே சொன்னேன். பாதியில் நின்றது, மறுநாள் முக்கால்வரை போனது. பிரெஞ்சும் ஆங்கிலமும் பின்னால் தள்ளாடி வந்தன. கையும் இலேசானது. ஒடெத் குணமாகி வீட்டுக்குப் போகும்போது என் கன்னங்களில் முத்தமிட்டு, அம்மாவின் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

முழு வசனம் பேச முடிந்த அன்று, அம்மா என் கட்டிலோரம் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த வசனத்தைக் காலையிலிருந்து பழகி வைத்திருந்தேன்.

"அம்மா. நீங்கள் கேட்டதாலை... வரேல்லை."

"என்னது?"

"சின்ன வருத்தம்."

அவருடைய விரல்கள் நின்றன. தோல் பழத்திலிருந்து பாதி தொங்கியது.

"அப்ப நீ... கேட்டுக்கொண்டே கிடந்தனி?"

"ஓம்."

"ஏன் பேசாமல் கிடந்தனி?"

"பேசினனான். நீங்கள் தண்ணி... தந்தியள்."

அம்மா சிரிக்கப் பார்த்தார். அது சிரிப்பாக வரவில்லை. நான் பொறுத்துப் பொறுத்து, புழுவைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் சொன்னேன். இது கடவுள் அனுப்பியதில்லை, தண்ணீரில் வந்தது என்றேன்.

"தண்ணியிலையும் அவர்தானே இருக்கிறார்," என்றார் அம்மா. "நான் கேட்டன், வந்தது. நீ எவ்வளவு படிச்சிருந்தாலும் அதை இல்லையெண்டு சொல்லேலாது."

இருந்தாலும் ஒன்று சொன்னேன். "அங்கை... எத்தினை அம்மாமார், பிள்ளைக்கு வருத்தம் வரக்கூடாது எண்டு கேக்கினம். அவைக்கும்தான் வருது, அம்மா."

அம்மா தொங்கிய தோலை மெல்ல உரித்து எடுத்தார். "ஆருக்கு?" என்று பிறகு கேட்டார்.

நான் விடுதியிலிருந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். மழைக்காலத்தில் மலேரியா. அவளுடைய தாய் எங்கள் மருந்தக வாசலில் முழங்காலில் நின்று மன்றாடினாள். பிள்ளை தப்பவில்லை. எனக்கு அப்போது மொழி போதாது. அந்தத் தாயின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு நிறைய நேரம் எடுத்தது. சொல் சிக்கிய இடங்களில் அம்மா அவசரப்படுத்தவில்லை.

"பிள்ளையின்ரை பேர் என்ன?"

"அமேலியா."

"அமேலியா," என்று அம்மா சொன்னார். தோடம்பழத்தைச் சுளையாகப் பிரித்து என் கையில் வைத்தார். "இனி உனக்காக நான் என்னத்தைக் கேக்கிறது எண்டு நீயே சொல்லு. எனக்குக் கேக்கப் பயமாக் கிடக்கு."

எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதுவரைக்கும் ஒன்றும் கேட்கமாட்டேன் என்றார்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். வலிப்பு மருந்து தொடர்கிறது. களைத்தால் சொற்கள் தடுமாறும். சில சமயம் தமிழைத் தேடப் போய் வேறு மொழியோடு வருவேன். மறுபடி எடுத்த படத்தில் பை சுருங்கி, சுண்ணாம்புத் துளிபோல ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் நல்ல ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்கு உடனே போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிப்பு இல்லாமல் கொஞ்சக் காலம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்பது சபையின் முடிவு. சிஸ்டர் செலெஸ்தே குரல் செய்தி அனுப்புகிறார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.

அந்தப் படம் எடுக்கப் போன காலையில் யூட் காரோட்டினான். பனி கொட்டியதால் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. நான் பின்சீற்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, யோசிச்சன்," என்றேன். "நான் திரும்பிப் போக வேணும் எண்டு கேளுங்கோ."

கண்ணாடியில் யூட்டின் கண்கள் ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பின. அம்மா கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். சிலுவை அடையாளம் வரைந்து கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன. மலையோரம் ஏறி ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அசைந்துகொண்டே இருந்தன.

என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.